அந்தப் பதினொரு பேரையும் கணக்கில் எடுங்கள்

கல்லூரி ஃபுட்பால் பிளேஆஃப் தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பட்டத்துக்கு மோதும் அணிகளைத் தரவரிசைப்படுத்தித் தேர்ந்தெடுப்பவர்கள் நீங்கள்.

2022 நவம்பர் 5, சனிக்கிழமை. ஜார்ஜியா மாநிலம் ஏதென்ஸில், சான்ஃபோர்டு ஸ்டேடியத்தின் மேல் வரிசையில் மழையில் தொப்பலாக நனைந்தபடி நின்றிருந்தேன். நான்கு நாள் முன்புதான் அந்த ஆண்டின் முதல் தரவரிசையை நீங்கள் வெளியிட்டிருந்தீர்கள். டென்னசிக்கு முதலிடம், ஜார்ஜியாவுக்கு மூன்றாமிடம். உங்களைக் குறை சொல்ல முடியாது. டென்னசி அலபாமாவையே 52-49 என்று வீழ்த்திய அணி. அவர்களுடைய குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்) ஹெண்டன் ஹூக்கர் பந்தை எறிந்தால் போதும், எங்கோ ஒருவன் தனியாக ஓடிக்கொண்டிருப்பான். அன்று அப்படி யாரும் தனியாக ஓடவில்லை. டென்னசியின் ஒரே டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது) நான்காம் கால்பகுதியின் பிற்பகுதியில், ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு வந்தது. முடிவு: ஜார்ஜியா 27, டென்னசி 13.

அன்று முதல் ஒன்று மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஓர் அணி எத்தனை புள்ளி எடுக்கிறது என்பதை நீங்கள் பார்க்கிறீர்கள். எதிரணியை எத்தனை புள்ளிக்குள் கட்டிப்போடுகிறது என்பதையும் பார்க்கிறீர்கள்தான். ஆனால் இரண்டில் ஒன்றை எடைபோட வேண்டிய இக்கட்டு வரும்போது உங்கள் தராசு தாக்குதல் பக்கமே சாய்கிறது. 2023 டிசம்பர் 3 அன்று அது எல்லோருக்கும் தெரியும்படி நடந்தது.

ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டம் ஆடி 13-லும் வென்று, ஏசிசி என்ற கான்ஃபரன்ஸின் (பல்கலைக்கழக அணிகள் சேர்ந்த போட்டிக் குழு) பட்டத்தோடு உங்கள் முன் வந்தது. அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பர் 18 அன்று காலில் அடிபட்டு அந்த ஆண்டு ஆட்டத்தையே இழந்தார். அடுத்த வாரம் மாற்று ஆட்டக்காரரை வைத்து ஃப்ளோரிடா என்ற வேறொரு பல்கலைக்கழக அணியை 24-15 என்று வென்றார்கள். அதற்கடுத்து, ஏசிசி இறுதியில், அவருக்கும் பதிலாக முதலாண்டு மாணவர் ஒருவரை இறக்கி லூயிவில்லை 16-6 என்று வென்றார்கள். ஒரு பட்டப் போட்டியில் எதிரணிக்கு வெறும் ஆறு புள்ளி. தாக்குதல் முடங்கிக் கிடந்த இரவில், எதிரணியைத் தடுப்பதற்கென்றே களமிறங்கும் பதினொரு பேரின் தடுப்பாட்டம் மட்டுமே தோள்கொடுத்து அணியைக் கரையேற்றியது. மறுநாள் நீங்கள் அவர்களை ஐந்தாம் இடத்தில் வைத்தீர்கள். பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்களில் ஒன்றின் பட்டத்தைத் தோல்வியே இல்லாமல் வென்ற ஓர் அணி, நான்கு அணிகள் மட்டும் ஆடும் பிளேஆஃபுக்கு வெளியே நின்றது அதுவே முதல் முறை.

அறிவிப்பை என் மகளோடு டிவியில் பார்த்தேன். அவளுக்கு அப்போது பதினொரு வயது. "ஏம்ப்பா, இவங்க ஒரு மேட்ச்கூடத் தோக்கலையே?" என்றாள். குவார்ட்டர்பேக் இல்லாத அணி வேறு அணி என்று குழு நினைக்கிறது என்றேன். "மத்தவங்க எல்லாம் இருக்காங்கல்ல?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்குச் சொல்லப் பதில் இல்லை.

பிளேஆஃபுக்கு வெளியே நடந்த ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் ஜார்ஜியா ஃப்ளோரிடா ஸ்டேட்டை 63-3 என்று நசுக்கியதைக் காட்டி, உங்கள் முடிவு சரிதான் என்று இன்றுவரை சிலர் வாதாடுகிறார்கள். நான் ஜார்ஜியா ரசிகன். அந்த வாதத்தை ஏற்க மாட்டேன். பட்டக் கனவு பறிபோன பிறகு, அந்த அணியின் முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் அன்று களமிறங்கவே இல்லை. லூயிவில்லைக் கட்டிப்போட்ட அணி வேறு, மயாமியில் ஆடிய அணி வேறு.

அதே ஆண்டு நீங்கள் முதலிடம் தந்த மிச்சிகனை நினைத்துப் பாருங்கள். நவம்பர் 11 அன்று பென் ஸ்டேட் மைதானத்தில், இரண்டாம் பாதி முழுவதும் அவர்கள் கணக்கில் ஒரு பாஸ்கூட ஏறவில்லை. ஓடினார்கள், மீண்டும் ஓடினார்கள், மிச்சத்தைத் தடுப்பாட்டத்திடம் விட்டார்கள். 24-15. பிளேஆஃப் அரையிறுதியான ரோஸ் பௌலில் அலபாமாவுடன் ஓவர்டைம் (சமனானால் ஆடும் கூடுதல் ஆட்டம்). எல்லைக்கோட்டுக்கு மூன்று யார்டு தொலைவில், நான்காம் டவுனில் (கடைசி வாய்ப்பில்), அலபாமாவின் ஜேலன் மில்ரோ நேராக ஓடி வந்து ஒரு சுவரில் மோதி விழுந்தார். இறுதிப் போட்டியில் எதிரே, குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸின் வாஷிங்டன். அந்த ஆண்டு பந்தெறிதலில் அவரைப் போல் கண்ணைப் பறித்தவர்கள் வெகு சிலர். அவருக்குக் கிடைத்தது ஒரு டச்டவுன், பறிபோனது இரண்டு இன்டர்செப்ஷன் (எதிரணி இடைமறித்துப் பிடித்த பாஸ்). மிச்சிகன் 34-13 என்று வென்றது. சாம்பியன் அணியின் குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி அன்று எறிந்தது மொத்தம் 140 யார்டு. ஒரு டச்டவுன் பாஸும் இல்லை. இப்படி ஆடி ஓர் அணி பட்டம் வெல்ல முடியும் என்றால், அதே டிசம்பரில் ஃப்ளோரிடா ஸ்டேட்டால் முடியாது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

2014-இல் உங்களுக்கு முன்னிருந்தவர்கள் இதே இக்கட்டைச் சந்தித்தார்கள். ஒஹையோ ஸ்டேட்டுக்கு முதல் குவார்ட்டர்பேக்கும் இல்லை, இரண்டாமவரும் இல்லை. மூன்றாமவர் கார்டேல் ஜோன்ஸ், முதன்முதலாகத் தொடக்கத்திலிருந்து ஆடிய அன்று விஸ்கான்சினை 59-0 என்று வென்றார்கள். குழு அவர்களை நான்காவதாகச் சேர்த்தது. அவர்கள் அலபாமாவையும் ஆரிகனையும் வீழ்த்திப் பட்டம் வென்றார்கள். எல்லோரும் அந்த 59-ஐயே பேசுகிறார்கள். நான் அந்தப் பூஜ்யத்தைப் பேச விரும்புகிறேன். விஸ்கான்சினின் மெல்வின் கோர்டன் அந்த ஆண்டு யாராலும் நிறுத்த முடியாத ஓட்டக்காரர். அன்று 26 முறை பந்தோடு ஓடி 76 யார்டுதான் எடுத்தார். 59-0-க்குக் கதவு திறந்தது, 16-6-க்குத் திறக்கவில்லை.

தாக்குதலே பட்டம் வெல்லும் என்ற எதிர்வாதம் எனக்கும் தெரியும். 2019-இன் எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்). அதன் குவார்ட்டர்பேக் ஜோ பரோ 60 டச்டவுன் எறிந்தார், அணி 726 புள்ளி குவித்தது. ஓல் மிஸ்ஸிடம் 37, அலபாமாவிடம் 41 என்று கொடுத்தும் வென்றார்கள். ஆனால் நவம்பர் கடைசியிலிருந்து அவர்கள் தடுப்பாட்டம் மாறிவிட்டது: டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்கு 7, ஜார்ஜியாவுக்கு 10. இறுதிப் போட்டியில் 17-7 என்று முன்னிலையில் இருந்த கிளெம்சன், அதற்குப் பிறகு ஒரே ஒரு டச்டவுன்தான் போட்டது. 2020-இன் அலபாமா மட்டும் என் வாதத்துக்குள் அடங்காது. அந்த அணி புள்ளிகளாலேயே எல்லோரையும் மூழ்கடித்தது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தாக்குதலை மட்டும் நம்பி வந்தவர்களின் கதையும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. ஓக்லஹோமா 2017, 2018, 2019 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து அரையிறுதிக்கு வந்தது. முதல் இரண்டு ஆண்டும் அவர்களுடைய குவார்ட்டர்பேக்குக்கே, ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது: பேக்கர் மேஃபீல்டு, கைலர் மரே. மூன்று அரையிறுதியிலும் தோல்வி. 48 எடுத்து 54 கொடுத்தார்கள். 34 எடுத்து 45 கொடுத்தார்கள். 28 எடுத்து 63 கொடுத்தார்கள். அவற்றில் முதலாவதான ரோஸ் பௌலில் பாதி ஆட்டத்தில் 31-17 என்று முன்னிலையில் இருந்தும் ஜார்ஜியாவைத் தடுக்க முடியவில்லை. நாட்டிலேயே அழகான தாக்குதல், ஒரு இறுதிப் போட்டியைக்கூடக் காணாமல் போனது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

தாக்குதல் பெரும்பாலும் ஒருவனின் கையையும் கண்ணையும் நம்பி நிற்கிறது. அவன் கணுக்கால் சுளுக்கினால், காற்று வீசினால், மழை பெய்தால் அது தடுமாறும். தடுப்பாட்டம் அப்படி ஒருவனை நம்பி இருப்பதில்லை. முன் வரிசையில் எட்டுப் பேரை மாற்றி மாற்றி இறக்க முடிந்தால், கடைசிக் கால்பகுதியிலும் அவர்கள் கால் தளராது. 2021-இன் ஜார்ஜியாவிலிருந்து ஐந்து தடுப்பாட்டக்காரர்கள் தொழில்முறை லீகான என்எஃப்எல் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார்கள். அந்த அணியைப் பட்டம்வரை நடத்தியவர் ஸ்டெட்சன் பென்னட்; உதவித்தொகை இல்லாமல் தானாக வந்து அணியில் சேர்ந்தவர்.

இப்போது பிளேஆஃபில் பன்னிரண்டு அணிகள் என்பதால் இது இன்னும் அவசரமாகிறது. பட்டத்துக்கு மூன்று அல்லது நான்கு ஆட்டம் வெல்ல வேண்டும். அத்தனையிலும் ஒரு தாக்குதல் ஒரே மாதிரி ஜொலிக்காது. 2024-இன் ஒஹையோ ஸ்டேட் நவம்பர் கடைசியில் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றது. தாக்குதல் படுத்துவிட்ட அன்றும் தடுப்பாட்டம் 13-க்கு மேல் விடவில்லை. பிளேஆஃபின் நான்கு ஆட்டத்திலும் யாரும் அவர்களிடம் 23-ஐத் தாண்டவில்லை. அரையிறுதியில் டெக்சஸ் எல்லைக்கோட்டுக்கு ஒரு யார்டு தொலைவில் நின்றது, சமன் செய்ய ஒரே ஒரு டச்டவுன். முதலில் ஏழு யார்டு பின்னே தள்ளப்பட்டது. பிறகு நான்காம் டவுனில் ஒஹையோ ஸ்டேட்டின் ஜாக் சாயர் பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு 83 யார்டு ஓடினார்.

நான் கேட்பது பெரிதில்லை. தரவரிசை வெளியிடும் செவ்வாய் இரவுகளில் உங்கள் தலைவர் விளக்கம் சொல்லும்போது, ஒவ்வோர் அணியின் தடுப்பாட்டத்தைப் பற்றியும் நேராகச் சொல்லச் சொல்லுங்கள். குவார்ட்டர்பேக் அடிபட்டால் அதை எடைபோடுங்கள். கூடவே அடிபடாமல் நிற்கும் பதினொரு பேரையும் எடைபோடுங்கள்.

2012 ஜனவரி 9, நியூ ஆர்லியன்ஸில் தேசியப் பட்டப் போட்டி. அதுவரை ஒரு தோல்வியும் காணாத எல்எஸ்யு அலபாமாவிடம் 21-0 என்று தோற்றது. அந்த இரவு முழுவதும் எல்எஸ்யு பாதி மைதானத்தைத் தாண்டியது ஒரே ஒரு முறை. அடுத்த முறை, குவார்ட்டர்பேக்கை இழந்த ஓர் அணி தோல்வியில்லாமல் உங்கள் அறைக்கு வரும்போது, அவர்களுடைய எதிரணிகள் பாதி மைதானத்தை எத்தனை முறை தாண்டின என்று யாராவது ஒருவர் கேளுங்கள்.

இப்படிக்கு,
அட்லாண்டாவிலிருந்து ஒரு ரசிகன்