பப்ளிஷ் கட்டளை மாறுகிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மென்பொருள் பாக்கேஜ்களைக் கட்டி (பில்ட்) வெளியிடும் (பப்ளிஷ்) எங்கள் கருவியின் புதிய வெர்ஷன் வரும் திங்கட்கிழமை உங்களுக்குக் கிடைக்கும். பில்ட் பக்கம் பெரிதாக எதுவும் இல்லை. பப்ளிஷ் பக்கம்தான் கை வைத்திருக்கிறோம்.

போன ஐப்பசி மழையில், கும்பகோணம் ஆபீஸில் பப்ளிஷ் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. கம்ப்யூட்டர்களுக்கு யூபிஎஸ் உண்டு, ரவுட்டருக்கு இல்லை. கரண்ட் வந்ததும் திரும்ப ஓட்டினால், 'இந்த வெர்ஷன் ஏற்கெனவே உள்ளது' என்று நின்றுவிட்டது. பாக்கேஜ் போய்ச் சேர்ந்திருக்கிறது, பதில்தான் வந்து சேரவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் பாக்கேஜ்களுக்கான பொதுக் கிடங்கான என்பிஎம்மில் ஒருமுறை வெளியிட்ட வெர்ஷன் எண்ணை, நீக்கினால்கூட மறுபடி பயன்படுத்த முடியாது. பாக்கேஜ் சேர்ந்துவிட்டது தெரியாமல் அடுத்த எண்ணுக்குத் தாவினோம். புதிதாக என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். ஒன்றுமே இல்லை!

இனிமேல் திரும்ப ஓட்டினால், அங்கே இருப்பதன் ஹாஷையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) இங்கே இருப்பதன் ஹாஷையும் கருவியே ஒப்பிடும். ஒன்றாக இருந்தால் 'முன்பே சேர்ந்துவிட்டது' என்று முடித்துக்கொள்ளும், இல்லையென்றால் நிற்கும். இதற்கு ஒரே சோர்ஸை எத்தனை முறை கட்டினாலும் ஒரு பைட்கூட மாறக் கூடாது. எங்களுக்கு வினை வைத்தது, கட்டும்போதெல்லாம் மாறிவிடும் கோப்புகளின் தேதி. என்பிஎம் பேக் செய்யும்போது எல்லாக் கோப்புக்கும் 1985 அக்டோபர் 26 என்றே போட்டுவிடும். முதலில் பார்த்தபோது சிரித்தோம், அப்புறம்தான் அதன் அருமை புரிந்தது. நாங்கள் கடைசி கமிட்டின், அதாவது சோர்ஸில் கடைசியாகப் பதிவான மாற்றத்தின், நேரத்தைப் போடுகிறோம்.

அடுத்தது முழுக்க எங்கள் தப்பு. அப்லோடு தோற்றாலும் கருவி 0 என்றே திருப்பிக்கொண்டிருந்தது. 0 என்றால் வெற்றி என்றுதானே கட்டளைகளை ஓட்டும் ஷெல் நினைக்கும்? தஞ்சாவூர் வாடிக்கையாளர் ஒருவரின் ஸ்கிரிப்ட், எதுவும் ஏறாமலே 'வெளியிட்டாச்சு' என்று அவருடைய வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பிவிட்டது. மன்னிக்கவும். இனி தோற்றால் 1 வரும். இதனால் சில பழைய ஸ்கிரிப்ட்கள் நடுவில் நிற்கலாம், நிற்பதுதான் சரி.

டிரை-ரன் ஆப்ஷனும் சேர்த்திருக்கிறோம். எந்தெந்தக் கோப்பு போகப்போகிறது என்று காட்டும், அனுப்பாது. பாஸ்வேர்டு வைத்திருக்கும் டாட்-என்வி கோப்பு பட்டியலில் தென்பட்டால் உடனே விலக்குங்கள்.

பராமரிப்புக் கட்டணத்தில் மாற்றமில்லை. சிக்கல் வந்தால் திரையில் வந்ததை அப்படியே நகலெடுத்து அனுப்புங்கள், போட்டோ வேண்டாம். மாசி மகத்தன்று மட்டும் ஆபீஸ் கிடையாது. அன்றைக்குக் குளத்துப் பக்கம் சைக்கிள்கூட நுழைய முடியாது.

அன்புடன்,
கும்பகோணம் அலுவலகத்தினர்