கொரோனா காலத்துல எங்க பொண்ணு படிப்ப விடாம பாத்துக்கிட்ட எல்லாருக்கும் ஒரு அம்மாவோட நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நாங்க திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கத்துல ஒரு கிராமம். வீட்டுக்காரருக்கு விவசாயம், நான் வீட்டு வேலையோட நூறு நாள் வேலைக்கும் போவேன். எங்க பொண்ணுக்குப் பொறவியிலயே காது கேக்காது. 2024ல பன்னெண்டாவது பாஸ் பண்ணிட்டு இப்ப சென்னை மாநிலக் கல்லூரியில பி.காம் படிக்கிறா, அங்க காது கேளாத பசங்களுக்குன்னே தனியா பி.காம், பி.சி.ஏ ரெண்டும் இருக்கு. பாக்குறவங்க எல்லாம் நல்லா படிக்க வெச்சிட்டீங்கன்னு எங்களச் சொல்றாங்க, ஆனா 2020, 2021 ரெண்டு வருஷத்துல வேற வேற ஆளுங்க வந்து நிக்கலன்னா இவ எட்டாவதோட நின்னிருப்பா, அது எனக்கு நல்லாத் தெரியும். அவளோட டீச்சர் இந்த வருஷம் ரிடையர் ஆகுறாங்கன்னு சேதி வந்துச்சு, அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எழுதிப்புடணும்னு உக்காந்துட்டேன்.

2020 மார்ச் நடுவுல ஸ்கூல் மூடுறோம், வந்து கூட்டிட்டுப் போங்கன்னு ஆஸ்டல்லேர்ந்து ஃபோன் வந்துச்சு, இவரு போயி பொட்டியும் பாயுமா கூட்டிட்டு வந்தாரு. அவ படிச்சது வேற மாவட்டத்துல இருக்குற காது கேளாதோர் பள்ளி, ஒண்ணாவதுலேர்ந்து அங்கயேதான் தங்கிப் படிச்சா. மத்த பசங்களுக்கு ஸ்கூல் மூடினா பாடம் நிக்கும், அவ்ளோதான், தெருவுல பேசலாம், பாட்டிகிட்ட கதை கேக்கலாம். இவளுக்குப் பேச்சே நின்னு போச்சு. அவளுக்கு பாஷைன்னா கை பேச்சுதான், அது தெரிஞ்சவங்க மொத்தப் பேரும் ஆஸ்டல்ல இருந்தவங்க, வீட்ல எங்களுக்குத் தெரிஞ்சது சாப்பாடு, தண்ணி, தூங்கு, வா, போ, அடி விழும், இவ்ளோதான். சின்ன வயசுல காட்டின எடத்துல கையில பேசப் பழக்கினா வாய்ப்பேச்சு வராது, பழக்கவே பழக்காதீங்கன்னு கறாரா சொல்லி அனுப்பினாங்க, படிச்சவங்க சொன்னா நாங்க என்ன பண்ணுவோம். மார்ச் 24 ராத்திரி எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்திருக்கோம், விடிஞ்சா நாடே மூடுறாங்க, அவ எங்க மொகத்தையே மாத்தி மாத்திப் பாக்குறா, யாராவது செத்துட்டாங்களான்னு கேக்குறா, இல்லன்னு தலையாட்டத் தெரிஞ்சுது, அதுக்கு மேல சொல்லத் தெரியல.

அவளுக்கு அத மொத மொதல்ல புரிய வெச்சது போளூர்ல டெய்லர் கடை வெச்சிருக்குற அண்ணன். அவருக்கும் காது கேக்காது, காது கேளாதோர் சங்கத்துல இருக்காரு. கடையும் மூடிக்கிடந்துச்சா, சுத்துப்பட்டு ஊருல இருக்குற காது கேக்காத பசங்க நம்பரெல்லாம் தேடித் தேடி வாங்கி வீடியோ கால் போட்டுக்கிட்டே இருந்தாரு. ஒரு கைய முஷ்டியா புடிச்சு அது பின்னாடி இன்னொரு கைய விரிச்சு வெச்சு விரல ஆட்டுவாரு, அதான் கொரோனாவாம். இருமினா எப்படிப் பரவும், ஏன் சோப்பு போடணும், ஏன் ஆஸ்டல் தொறக்கல, எல்லாத்தையும் பொறுமையா சொன்னாரு. இவ ஃபோன வெச்சுட்டு நேரா போயி வாசல்ல எச்சி துப்பின அவ பாட்டிய ஒரு புடி புடிச்சா பாருங்க, வந்ததுலேர்ந்து அன்னிக்குத்தான் அவ மொகத்துல ஒரு தெளிவு. அப்பறம் மாஸ்க் வந்துச்சு. வாயப் பாத்து புரிஞ்சுக்குற புள்ளைக்கு ஊரே வாய மூடிக்கிட்டா எப்படி? அதுக்கும் அண்ணனே நடுவுல கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட் வெச்சு மாஸ்க் தெச்சுக் குடுத்தாரு, மூச்சுல ஆவி படிஞ்சு மறைக்குதேன்னு உள்பக்கம் லேசா சோப்பு தடவித் தொடைச்சுடச் சொன்னாரு. தெச்ச கூலின்னு ஒரு ரூபா வாங்கல.

டீச்சர், உங்களப் பத்தி எழுதணும்னா எங்க ஆரம்பிக்கிறது. ஆன்லைன் க்ளாஸ்னு ஊர்ல எல்லாரும் பேசிக்கிட்டாங்க, ஃபோன ஒரு ஓரமா வெச்சுட்டு காதுல கேட்டாலே பாதி பாடம் ஓடிடும் மத்த புள்ளைங்களுக்கு. எங்க புள்ளைங்களுக்கு கண்ணு எடுக்கக் கூடாது, எடுத்தா போச்சு. அந்த ஏப்ரல் கடைசியிலதான் வாட்ஸப் க்ரூப் கால்ல நாலு பேர்னு இருந்தத எட்டுப் பேரா ஆக்கினாங்க, நீங்க உடனே க்ளாஸ ரெண்டா பிரிச்சு காலையில பாதிப் பேர், சாயங்காலம் பாதிப் பேர்னு ஆரம்பிச்சுட்டீங்க. எட்டுக் கட்டத்துல ஒரு கட்டம் எவ்ளோ பெருசு இருக்கும், அதுக்குள்ள விரல் தெரியணும்! அதுக்காக நீங்க பண்ணினத நான் பக்கத்துல உக்காந்து பாத்தவ. ஜன்னல் முதுகுக்குப் பின்னாடி இருந்தா மொகம் இருட்டாயிடும்னு ஜன்னலப் பாத்து உக்காருவீங்க, பூப்போட்ட பொடவ கட்டினா கை தனியா தெரியாதுன்னு தெனமும் ஒரே கலர் கரு நீலப் பொடவ, கையில வளையல் கெடையாது. எங்க ஊரு சிக்னல்ல படம் தேஞ்சு தேஞ்சு வரும், விரல் அப்படியே கொழகொழன்னு ஆயி எது என்ன எழுத்துன்னே தெரியாது, அத அவ சொன்னதும் நீங்க அன்னிலேர்ந்து பாடத்த சின்னச் சின்ன வீடியோவா எடுத்து ராத்திரில அனுப்பிட்டீங்க, விடியக்காலம் சிக்னல் நல்லா இருக்கும், இறங்கிடும், அவ எத்தன வாட்டி வேணா போட்டுப் பாப்பா, சந்தேகத்த மட்டும் கால்ல கேப்பா.

அந்தக் கரண்டிப் பாடம் எனக்கே மறக்காது. ஒன்பதாவது அறிவியல்ல ஒளி பாடம், குழியாடி, குவியாடி. எவ்ளோ வாட்டி விரல்ல எழுத்துக்கூட்டிக் காட்டினாலும் அது வெறும் வார்த்தைதானே. நீங்க கேமராவ விட்டு எழுந்து போயி ஒரு எவர்சில்வர் கரண்டி எடுத்துட்டு வந்து உங்க மொகத்துக்கு நேரா புடிச்சீங்க, உள்பக்கம் மொகம் தலைகீழா தெரியுது, திருப்பிப் புடிச்சா நேரா சின்னதா தெரியுது. அடுத்த நிமிஷம் எல்லாக் கட்டமும் காலி, புள்ளைங்க எல்லாம் அவங்கவங்க அடுப்பங்கரைக்கு ஓடிட்டாங்க. எங்க வீட்டுப் பொண்ணு கொழம்புல கெடந்த கரண்டியவே கழுவி எடுத்துட்டு ஓடினா. திரும்பி வந்து எல்லாரும் கரண்டியக் காட்டி ஒரே நேரத்துல கையில பேசுறாங்க, சத்தமே இல்லாம அப்படி ஒரு ரகளை. பத்தாவது பரிட்சை வரைக்கும் அவ அந்தப் பாடத்த திருப்பிப் படிக்கவே இல்ல.

அதவிட பெருசு நீங்க அம்மாங்களுக்குன்னு தனியா வெச்ச க்ரூப். ஒரு நாளைக்குக் கொஞ்சம் சைகைன்னு வீடியோ போடுவீங்க, நாங்க செஞ்சு எடுத்து அனுப்பணும், தப்பா செஞ்சா திருத்துவீங்க, அனுப்பலன்னா ஃபோன் போட்டுக் கேப்பீங்க. அஞ்சாவது வரைக்கும் படிச்சவ நான், எனக்கு வருமான்னு இருந்துச்சு, வந்துச்சு. மொத மொதல்ல கேள்வி கேக்குற சைகைங்க வந்துச்சு, யாரு, எங்க, எப்ப, ஏன். அந்த "ஏன்" வந்த ராத்திரி எம் பொண்ணு எங்கிட்ட ஒண்ணு கேட்டா. சின்னப் புள்ளையா இருக்கும்போது என்ன ஏன் அங்க விட்டுட்டு வந்த, நான் கெட்ட புள்ளையான்னு. அத்தன வருஷமா மனசுல வெச்சிருந்திருக்கா, கேக்கவும் வழி இல்ல, நான் சொல்லவும் வழி இல்ல. எனக்கு அழுக வந்துடுச்சு, அழுதுகிட்டே தெரிஞ்ச சைகையெல்லாம் போட்டு, தெரியாததுக்கு நோட்டுல எழுதிக் காட்டி, நம்ம ஊர்ல உனக்கு சொல்லிக்குடுக்க ஸ்கூல் இல்ல, அதனாலதான், விட்டுட்டு வந்த அன்னிக்கு அப்பா பஸ்ஸுல வர்ற வரைக்கும் பேசவே இல்லன்னு சொன்னேன். அவ கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு, சரி, சாப்புட்டியான்னு கேட்டா. டீச்சர், பாடத்துக்கு நன்றி சொல்லலாம், இதுக்கு எப்படி சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

காது மிஷின் விஷயம் வெளியில இருக்குறவங்களுக்குத் தெரியாது. மிஷின் போட்டா இவளுக்கு ஹாரன், மழை, கூப்புடுற சத்தம் கொஞ்சம் தெரியும், ரோட்டுல நடக்க அது வேணும். நீல ஸ்டிக்கர் ஒட்டின 675 பேட்டரி, ஒண்ணு போட்டா ஒரு வாரம், மிஞ்சிப்போனா ரெண்டு வாரம். ஊரடங்குல அது விக்கிற கடை ஒண்ணும் இல்ல. வேலூர்ல காது சோதிச்சு மிஷின் வெக்கிற ஆடியோலஜிஸ்ட் மேடத்துக்கு ஃபோன் பண்ணினேன், எங்கயோ சொல்லி வாங்கி தபால்ல அனுப்பினாங்க, ஸ்டிக்கர உரிச்சுட்டா போட்டாலும் போடாட்டியும் தீர ஆரம்பிச்சிடும், அதனால தேவைப்படும்போது மட்டும் உரிங்க, உரிச்சு ஒரு நிமிஷம் காத்துல வெச்சுட்டுப் போடுங்கன்னு கூடவே துண்டுச் சீட்டும் எழுதி அனுப்பினாங்க. அத கொண்டாந்த போஸ்ட்மேன் அண்ணனுக்கும் பெரிய நன்றி. இவ வீட்ல தனியா இருந்தா மணி அடிச்சுப் பிரயோஜனம் இல்லன்னு தெரிஞ்சு வாசல்ல நின்னு துண்ட வீசிக் காட்டுவாரு, பஸ் ஓடாத காலத்துலயும் அவரு சைக்கிள் ஓடிச்சு.

ஜூலை வாக்குல மிஷினோட காதுக்குள்ள மாட்டுற மோல்டு லூசாயிடுச்சு, வளர்ற புள்ளைக்குக் காதும் வளருதுல்ல, கீன்னு விசில் அடிச்சுக்கிட்டே இருக்கும். புதுசுக்கு அளவெடுக்க நேர்லதான் போகணும், மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேணும். மேடம் லெட்டர் எழுதி வாட்ஸப்ல போட்டாங்க, எங்க ஊர் ரீசார்ஜ் கடைத் தம்பி அத வெச்சு பாஸ் போட்டுக் குடுத்தாரு. வேற யாரும் வர்றதுக்கு முன்னாடி காலையிலயே உங்க கடையத் தொறந்து, வாய் தெரியணும்னு முகத்துக்கு ஷீல்டு மட்டும் மாட்டிக்கிட்டு அளவெடுத்தீங்க மேடம். அந்த நேரத்துல அது எவ்ளோ பெரிய ரிஸ்க்குன்னு இப்ப நெனச்சாலும் மனசு பதறுது.

எதிர் வீட்டுப் பாப்பா, காலேஜ் ரெண்டாவது வருஷம் படிச்சுக்கிட்டு வீட்ல இருந்துச்சு. டிவியில பாடம் ஓடும், குரல் மட்டும் வரும், ஸ்கிரீன்ல படம், கீழ எழுத்து ஒண்ணும் இருக்காது, இவ என்னத்தப் பாத்து என்ன புரிஞ்சுக்குறது. அந்தப் பாப்பா கேட்டுக் கேட்டு நோட்டுல எழுதிக் குடுத்துச்சு. அப்படியே எழுதல, அங்கதான் அதோட கெட்டிக்காரத்தனம். கை பேச்சுல ஐ, ஆல், கு, இன் எல்லாம் நம்ம மாதிரி ஒட்டிக்கிட்டு வராது, அதனால நீள நீளமான பொஸ்தகத் தமிழ் இவங்களுக்கு ரொம்பக் கஷ்டம். இவகூட ஒக்காந்து எது புரியல எது புரியலன்னு கேட்டு, ஒரு வரிக்கு நாலஞ்சு வார்த்தை, பக்கத்துல ஒரு படம்னு மாத்தி மாத்தி எழுதுச்சு. சமூக அறிவியல் நோட்டு மட்டும் ஒரு கட்டு இருக்கும். அந்த நோட்டுங்கள ஃபோட்டோ எடுத்து அவ க்ளாஸ் பசங்க எல்லாரும் படிச்சாங்க, பாப்பா, அது உனக்குத் தெரியுமோ இல்லியோ.

வட்டார வள மையத்துலேர்ந்து வர்ற ஸ்பெஷல் டீச்சர் அம்மாவுக்கு எங்க பொண்ணு லிஸ்ட்லயே இல்ல, அவங்க பாக்க வேண்டியது நம்ம பக்கத்து ஸ்கூல் புள்ளைங்களையும் வீட்டோட இருக்குற புள்ளைங்களையும். பக்கத்துத் தெருவுல நடக்க முடியாத ஒரு பையனப் பாக்க ஸ்கூட்டில வருவாங்க, ஒரு நாள் இவ வாசல்ல ஒக்காந்திருக்கறதப் பாத்து வண்டிய நிறுத்துனாங்க, அப்பறம் அந்தப் பையன் வீட்டுக்கு வர்றப்பல்லாம் எங்க வீட்டுக்கும் வந்தாங்க. கணக்குல இவ தேறினது அவங்களாலதான். மோட்டார் கொட்டாகிட்டதான் சிக்னல் கெடைக்கும்னு தெரிஞ்சு அங்க ஒரு பலகையும் ஓலைத் தடுப்பும் போட்டுக் குடுத்த எங்க பங்காளி வீட்டுப் பெரியப்பாவுக்கும், காசு அப்பறம் குடுங்கன்னு மாசா மாசம் ரீசார்ஜ் போட்டு விட்ட அதே கடைத் தம்பிக்கும் நன்றி.

2021 பிப்ரவரி 8 ஒன்பதாவதுக்கு ஸ்கூல் தொறந்து, மார்ச்சுலயே திரும்ப மூடி, செப்டம்பர் 1க்கு அப்பறம்தான் ஒழுங்காப் போனா. ஆஸ்டல் வாசல்ல அவ சிநேகிதிங்கள பாத்ததும் பையக் கீழ போட்டுட்டு ஓடினா, நாங்க ஒருத்தர் நிக்கிறோம்னே ஞாபகம் இல்ல, எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல, ஏன்னா திரும்பி வந்து அவ எங்கிட்ட என்ன சொன்னாலும் இப்ப எனக்குப் புரியும். 2022 மே மாசம் பத்தாவது எழுதினா, காது கேளாதவங்களுக்கு ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கும், எழுத கூடுதல் நேரமும் உண்டு, ஆனா மார்க்கு அவ எடுத்ததுதான். ஜூன் 20 ரிசல்ட் வந்தப்ப அவ மொத மெசேஜ் போட்டது டெய்லர் அண்ணனுக்கு.

டீச்சர், நீங்க ஆரம்பிச்ச அம்மாங்க க்ரூப் இன்னும் நடக்குது. புதுசா சேந்திருக்குற ஒண்ணாவது, ரெண்டாவது புள்ளைங்களோட அம்மாங்களுக்கு இப்ப நாங்க பழையவங்க மாத்தி மாத்தி வீடியோ போடுறோம், போன வாரம் என் மொற, "ஏன்" நான்தான் சொல்லிக் குடுத்தேன். உங்க விழாவுக்கு நாங்க அத்தனை பேரும் வர்றோம், போளூர்லேர்ந்து வேன் பேசியாச்சு, டெய்லர் அண்ணனும் வர்றாரு, பொண்ணு சென்னையிலேர்ந்து நேரா அங்க வந்துடுறேன்னு சொல்லிட்டா. மேடையில எங்க எல்லாருக்காகவும் அவதான் பேசப் போறா, கையில பேசுவா, பக்கத்துல நின்னு வாயில எடுத்துச் சொல்லப் போறது நான்.