தயவுசெய்து ஜோக் சொல்லாதீர்கள், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன மாதம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய வீடியோவை எடுத்தவன் நான்தான். இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன்.

வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டிருக்கிறீர்கள். பதிவு செய்து வைத்த குரல் "எண் ஒன்றை அழுத்தவும்" என்கிறது. "இதோ அழுத்துறேம்மா" என்கிறீர்கள். அது அடுத்ததுக்குப் போனதும், "கொஞ்சம் இரும்மா, கண்ணாடி எடுத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து போகிறீர்கள். திரும்பி வரும்போது அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. நீங்கள் என்னிடம் ரகசியமாக, "பாவம், பொறுமைசாலிப் பொண்ணுடா, கோவிச்சுக்காம திரும்பச் சொல்லுது" என்கிறீர்கள்.

குழு முழுக்கச் சிரிப்பு முகங்கள். பத்து நாள் நீங்கள் அந்தப் பக்கமே வரவில்லை. அந்த மௌனம் கூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் தாங்க முடியவில்லை. நீங்கள் ஜோக் சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள்.

"சிரிப்பா ஒண்ணு சொல்லட்டுமா?" என்று ஆரம்பிக்கிறீர்கள். பாதியில் நீங்களே சிரித்துவிட்டு, விட்ட இடம் மறந்து, முதலிலிருந்து சொல்கிறீர்கள். நாங்களும் சிரிக்கிறோம். சிரித்து முடித்ததும் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

உங்களால் சிரிக்க வைக்க முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. பெரியப்பா போன அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்காது. காலையிலிருந்து அழுது தொண்டை கட்டியிருந்தது உங்களுக்கு. கூடியிருந்த சொந்தங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தீர்கள். பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மனசார, "எல்லாரும் இப்படி ஒண்ணா சேர்ந்து எத்தனை வருஷமாச்சு அண்ணி! அடிக்கடி இப்படிச் சேரணும்" என்றீர்கள்.

கூடம் அப்படியே உறைந்தது. முதலில் குலுங்கியது பெரியம்மாவின் தோள். அழுகிறார் என்று நினைத்து நீங்கள் தட்டிக்கொடுத்தீர்கள். அழுகையும்தான். ஆனால் அதற்குள்ளே ஒரு சிரிப்பு அடங்காமல் வந்துகொண்டிருந்தது. நாங்கள் ஒவ்வொருவராகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டோம். அன்று முழுவதும் பெரியம்மா வாயில் தண்ணீர்கூடப் படவில்லை. சிரித்த பிறகுதான் ஒரு டம்ளர் கேட்டார். உங்களுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் சிரிப்பு பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலுக்குத்தான் ஒருவர் மெனக்கெட வேண்டும். மற்ற மூன்றும் தானாக நடப்பவை. குழந்தை திட்டம் போட்டா மழலை பேசுகிறது? பேதைமை, மடன் என்றதும் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் அவற்றைச் சூது தெரியாத மனசு என்றுதான் படித்துக்கொள்கிறேன். இயந்திரம் பேசினாலும் 'அம்மா' போட்டுப் பதில் சொல்கிற மனசு.

சிரிப்பைப் பற்றி 1900-இல் ஒரு புத்தகமே எழுதிய பிரெஞ்சுத் தத்துவவாதி ஹென்றி பெர்க்சனும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார்: தன்னைப் பற்றி ஒருவருக்கு எவ்வளவு தெரியாமல் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அவர் வேடிக்கையாகத் தெரிவார். கூடவே, சிரிக்கிற நேரத்துக்கு நெஞ்சு மரத்துப்போக வேண்டும் என்றும் சொல்கிறார். இதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அன்று பெரியம்மாவின் நெஞ்சு மரத்தா போயிருந்தது?

இன்னொரு விஷயமும் படித்தேன். 1966-இல் எலியட் அரோன்சன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். வினாடி வினாவுக்குப் பதில் சொல்பவரின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். கேள்விகளில் 92 சதவீதத்துக்குச் சரியாகப் பதில் சொன்ன ஆள், கடைசியில் காபியைத் தன்மேல் கொட்டிக்கொள்கிறார். கேட்டவர்களுக்கு அவரை முன்பைவிடப் பிடித்துப்போனது. சுமாராகப் பதில் சொன்ன ஆள் அதையே செய்தபோது, அவர்மேல் இருந்த பிடிப்பும் குறைந்துபோனது. (கொட்டியதே நடிப்புதான், கேட்டவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கதை கந்தல்.)

வீட்டில் கணக்கு உதைத்தாலும், பத்திரத்தில் ஒரு வரி புரியாவிட்டாலும், அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனாலும் யாரிடம் போகிறோம்? உங்களிடம்தானே. அப்படிப்பட்ட ஆள் இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பவர்களிடம் கண்ணாடி வழியாகச் சைகையில் "பூட்டியிருக்கு" என்று தகவல் சொன்னால், எங்களுக்கு உங்கள்மேல் இருந்த பயம் கொஞ்சம் குறைகிறது, பாசம் கொஞ்சம் கூடுகிறது. அவ்வளவுதான் அந்தச் சிரிப்பில் இருந்தது. வீடியோ எடுத்தது வேறு விஷயம். அது எள்ளல். அந்தக் கணக்கு என் தலையில். மன்னித்துவிடுங்கள்.

இதை எழுதுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. படித்துவிட்டு இனி ஒவ்வொரு வார்த்தையையும் எடை போட்டுப் பேச ஆரம்பித்துவிடுவீர்களோ என்று பயமாக இருந்தது. நேற்று ராத்திரி நீங்கள் பேசிய பிறகு அந்தப் பயம் போய்விட்டது. பேசி முடித்ததும், "சரிடா, போனை வெச்சுடறேன். கட் ஆயிடுச்சான்னு பார்த்துச் சொல்லு" என்றீர்கள்.

"ஆயிடுச்சு சித்தப்பா" என்றேன்.

"நல்லது" என்றீர்கள்.

உங்கள் அன்பு மகன்