புழு கடித்தால் தக்காளி சும்மா இருக்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தக்காளி விலை ஏறினாலும் இறங்கினாலும் பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிகள் செய்தியாகிவிடுகின்றன. செடியைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. இலையில் ஓர் ஓட்டை தெரிந்தாலே மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். கடைக்காரரும் இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்கிறார்.

உண்மையில், புழு கடித்த சில மணி நேரத்திலேயே செடி வேலையைத் தொடங்கிவிடுகிறது. கடிபட்ட இலையில் மட்டுமல்ல, கடிபடாத மற்ற இலைகளிலும் ஒருவகைப் புரதம் சேர்கிறது. புழுவின் குடலில் புரதத்தைச் செரிக்கும் நொதியை அது பிடித்து முடக்கிவிடும். வயிறு முட்டத் தின்றாலும் புழு தேறாது! தக்காளி, உருளைக்கிழங்கு இலைகளில் இதைக் கண்டறிந்து 1972-லேயே வெளியிட்டுவிட்டார்கள். பூஞ்சை வந்தால் அதன் செல்சுவரில் உள்ள கைட்டினை அறுக்க கைட்டினேஸ் என்ற நொதி உண்டு. எதிராளியும் லேசுப்பட்டவன் அல்ல. அழுகல் பூஞ்சைகள், பழத்தின் செல்களை ஒட்டவைக்கும் பசை போன்ற பெக்டினைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்துதான் பழத்தைக் கொழகொழவென்று ஆக்குகின்றன.

அதற்காக மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காய்ப்புழு காய்க்குள் புகுந்த பிறகு செடியை நம்பிக் கைகட்டி உட்கார முடியாது. ஆனால் எவ்வளவு சேதம் வரை பொறுக்கலாம், எந்தக் கட்டத்தில் மருந்து அடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. பொருளாதாரச் சேதநிலை என்பார்கள். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம், பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலைய விஞ்ஞானிகளிடம் அதைக் கேட்டு, அடுத்த நடவுக்கு முன்பாகத் தங்கள் வேளாண் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

- ஒரு விவசாயி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்