மனையை விற்பது பற்றி, தம்பிக்கு

கும்பகோணம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பா நேற்றிலிருந்து கொஞ்சம் நன்றாகச் சாப்பிடுகிறார். இட்லியைப் பிசைந்து கொடுத்தால் இரண்டு இறங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "அந்த மனை எனக்காக வாங்கியது என்றுதானே சொல்வாய்?" என்று கேட்டாய். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பாய். பால் பொங்கியதும் உண்மை, கோபம் வந்ததும் உண்மை. இப்போது இரண்டும் அடங்கிவிட்டன. போனில் பேசினால் நீ பாதியில் பேசுவாய், நான் பாதியில் அழுவேன். அதனால் எழுதுகிறேன். முப்பத்தாறு ஆண்டு கணக்குப் பாடம் நடத்தியவள், கணக்காகவே எழுதிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஆடியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நீ விமானம் ஏறி வந்து பன்னிரண்டு நாள் இருந்தாய். ஓய்வூதியர் காப்பீட்டில் என்னோடு அப்பாவின் பெயரும் இருந்ததால் மருத்துவமனைச் செலவில் பெரும்பகுதி அதில் போனது. மீதிக்கு ஆறு பவுனை அடகு வைத்தேன். அதற்குப் பிறகுதான் உண்மையான செலவு தொடங்கியது என்பது உனக்குத் தெரியாது. எந்தக் காப்பீடும் மருத்துவமனைக் கட்டிலோடு நின்றுவிடுகிறது. எழுபது வயது கடந்த எல்லோருக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியதே, நீகூடச் செய்தி அனுப்பினாயே, அதுவும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான். வீட்டில் ஒருவரைத் தூக்கி உட்கார வைக்க, குளிப்பாட்ட, இரவில் புரட்டிப் படுக்க வைக்க வரும் ஆளுக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

முதல் வாரத்தில் இன்னொரு அடி. அப்பாவின் சேமிப்புக் கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தது. ஏடிஎம் அட்டையின் ரகசிய எண் அவருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கோ வாய் திறக்கவில்லை. வங்கியில் போய் நின்றால் கணக்கு வைத்திருப்பவரை அழைத்து வாருங்கள் என்கிறார்கள். சொந்தக் கணவரின் பணத்துக்காக ஒன்பது நாள் அலைந்தேன். இப்போது எல்லாக் கணக்குகளையும் இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று மாற்றியாயிற்று. உங்கள் கணக்குகளையும் மருமகளோடு சேர்த்து அப்படி மாற்றிவை. நாற்பது வயதில் எதற்கு என்று கேட்காதே.

ஆள் வைத்த கதையைச் சொல்கிறேன். முதல் நான்கு மாதம் ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கும் பையன்கள். மாதம் 26,000 ரூபாய், சாப்பாடு நம்முடையது, பதிவுக் கட்டணம் தனி. நான்கு மாதத்தில் ஐந்து பேர் மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவனிடம் கேட்டேன், அவன் கைக்கு 17,000தான் போகிறதாம். ஊரை விட்டு வந்து, இன்னொருவர் அப்பாவுக்கு மலஜலம் எடுத்து, அதிலும் பங்கு கொடுக்க வேண்டுமென்றால் எவன் நிற்பான்? பிறகு நம் பக்கத்துத் தெருவிலிருந்தே ஒருவரை நேரடியாக அமர்த்தினேன். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, நாளுக்கு 600. சொந்த அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொண்ட மனிதர். உன் அப்பா அவரிடம் மட்டும்தான் முரண்டு பிடிக்காமல் சவரம் செய்துகொள்கிறார்.

இப்போது மாதக் கணக்கு. பகல் ஆளுக்கு 26 நாள் கூலி 15,600. மருந்து 5,200. டயப்பர் 4,000. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு 4,000. தனியாக வரும் பிசியோதெரபிஸ்டுக்கு வாரம் மூன்று முறை, முறைக்கு 500, மாதம் 6,500. மொத்தம் 35,300. இதில் 'மக்களைத் தேடி மருத்துவம்' இல்லாவிட்டால் இன்னும் ஏறியிருக்கும். 2021இல் அரசு அதைத் தொடங்கியபோது இதெல்லாம் ஆறு மாதம்தான் ஓடும் என்று அப்பா சொன்னார். இப்போது அந்தத் திட்டத்துப் பெண்தான் அவருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரையைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். பிசியோதெரபிக்கும் மாதம் இரண்டு முறை வருகிறார்கள், இலவசமாக.

வரவு: என் ஓய்வூதியம் 34,000. 2003 ஏப்ரலுக்கு முன்பே பணியில் சேர்ந்ததால் எனக்குப் பழைய ஓய்வூதியம். இல்லாவிட்டால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். அப்பாவுக்கு ஆலையில் இருபத்தெட்டு ஆண்டு உழைத்ததற்கு பி.எஃப். ஓய்வூதியம் 2,300. சிரிக்காதே. மாடி வாடகை 8,000. மொத்தம் 44,300. அப்பாவின் செலவு போக மிஞ்சுவது 9,000. அதில் அரிசி, காய்கறி, கேஸ், மின்சாரம், நகைக்கடன் வட்டி. எனக்கு எண்பது வயதானால் ஓய்வூதியம் இருபது சதவீதம் கூடுமாம். அதுவரை இருந்தால் பார்க்கலாம்.

இதில் இரவு இல்லை என்பதைக் கவனித்தாயா? இரவுக்கு நான். பத்து மாதமாக இரண்டு மணிக்கு ஒருமுறை, நான்கரைக்கு ஒருமுறை எழுந்து அவரைப் புரட்டுகிறேன். புரட்டாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். அதற்கு ஆள் வைத்தால் இரவுக்கு 500, மாதம் 15,000. பத்து மாதத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாயை நான் மிச்சம் பிடித்திருக்கிறேன். என் முழங்காலை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சென்ற மாதம் அவரைப் பிடிக்கப் போய் இருவருமே கட்டிலோரம் சரிந்தோம். அடி படவில்லை. ஆனால் தரையில் உட்கார்ந்தபடியே விடியும்வரை யோசித்தேன். நான் விழுந்தால் இரண்டு பேருக்கு ஆள் வைக்க வேண்டும்.

ஆக இரவு ஆளோடு சேர்த்து அப்பாவுக்கு 50,300. குடும்பச் செலவை 14,000க்குள் அடக்கினால் மொத்தம் 64,300. வரவு 44,300. மாதம் இருபதாயிரம் பள்ளம்.

நீ மாதம் 40,000 அனுப்புகிறேன் என்றாய். பிள்ளை அனுப்பும் பணத்துக்கு எங்களுக்கு வரி வருமா என்றும் கேட்டாய். வராது. மனம் நிறைந்தது, உண்மையாகச் சொல்கிறேன். ஆனாலும் வேண்டாம். 2020இல் உனக்கு மூன்று மாதம் வேலை இல்லாமலிருந்ததை நீ எங்களிடம் சொல்லவே இல்லை. இரண்டு வருடம் கழித்து மருமகள் வாய் தவறிச் சொன்னாள். அப்படி ஒரு மாதம் மறுபடி வந்தால் நீ கடன் வாங்கி அனுப்புவாய், எனக்குத் தெரியும். இரவு ஆளின் சம்பளம் டொராண்டோவில் உன் கம்பெனி எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்து இருக்கக் கூடாது.

மேலத் தெரு மாமி வீட்டை நினைத்துக்கொள். மூன்று பிள்ளைகள், மாதம் ஒருவர் முறை. முப்பத்தொரு நாள் மாதம் தனக்கே வருகிறது என்று நடுப்பிள்ளை சண்டை போட்டான். பெரியவனுக்கு அவள் வீட்டையே செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தாள். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் போகலாம், பார்த்துக்கொள்வதாக ஏற்று எழுதி வாங்கிவிட்டுப் பார்க்காவிட்டால் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம், மாதம் 10,000 வரை ஜீவனாம்சமும் கிடைக்கும் என்று நானே மனு எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். பெற்ற பிள்ளை மேல் மனுவா என்று அழுதாள். கடைசிவரை போடவில்லை. உன்னையும் அக்காவையும் அந்தத் தட்டில் நான் வைக்கவில்லை. பணம் கொடுக்கும் முறை தப்பாக இருந்தால் நல்ல பிள்ளைகளும் அங்கே போய் நிற்பார்கள் என்றுதான் சொல்கிறேன்.

இந்த வீட்டை வைத்தே பணம் வாங்கலாமா என்றும் பார்த்தேன். ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்று 2007 முதல் இருக்கிறது. அறுபது வயது கடந்தவர்கள் குடியிருக்கும் சொந்த வீட்டை வங்கியில் அடமானம் வைத்தால், வங்கி மாதாமாதம் நமக்குப் பணம் தரும். இருவரில் கடைசியாக இருப்பவரின் காலம்வரை திருப்பிக் கட்ட வேண்டாம். பிறகு பிள்ளைகள் கடனைக் கட்டி வீட்டை எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வங்கி விற்றுக் கடன் போக மீதியை உங்களிடம் கொடுக்கும். எனக்குப் பிடித்திருந்தது. மேலாளர் தம்பி அந்தப் பெயரை நான் சொன்ன பிறகுதான் கணினியில் தேடினார். ஆனால் நம் வீட்டில் அது நடக்காது. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. சித்தப்பாக்கள் இருவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். சின்னவர் பத்து ஆண்டாகப் பேச்சுவார்த்தையில் இல்லை. அண்ணன் படுத்தபோதுகூட வரவில்லை. அதை விடு.

அதனால்தான் மனை. அது மட்டும்தான் சுத்தமாக அப்பா பெயரில் இருக்கிறது. 1998இல் சீட்டு எடுத்தும் என் வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் வாங்கியும் வாங்கினோம். தஞ்சாவூர்ப் புறவழிச்சாலைப் பக்கம் அப்போது பஸ்கூடக் கிடையாது. தை மாதம் பிறந்தால் அப்பா அரிவாளோடு போய்க் கருவேலம் செடிகளை வெட்டிவிட்டு, எல்லைக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வருவார். நீ வந்து வீடு கட்டுவாய் என்று சொல்லிச் சொல்லியே அடிப்பார். ஆம், உனக்காகத்தான் வாங்கினோம். நீ கேட்டதற்கு இதுதான் பதில். அப்போது உனக்குப் பதின்மூன்று வயது. எங்களுக்கு வயதாகும் என்பது அன்று எங்கள் கணக்கில் இல்லை.

விலை 36 லட்சம் பேசியிருக்கிறது. வரியும் தரகும் போகக் கைக்கு 31 லட்சம் வரும் என்று ஆடிட்டர் சொல்கிறார். வரியைக் குறைக்க, வந்த பணத்தைக் கடன் பத்திரத்தில் போடலாம் என்றார். அதில் வட்டி குறைவு, வருவதும் ஆண்டுக்கு ஒருமுறை. வேண்டாம் என்றேன். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், ஒருவருக்கு 30 லட்சம் வரை போடலாம். 2023க்கு முன் 15 லட்சம்தான். இப்போது 8.2 சதவீதம். அப்பா பெயரில் போட்டு என்னைக் கூட்டாகச் சேர்த்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும். மாதத்துக்கு 20,500. பள்ளம் 20,000. மீதி 500 ரூபாய்க்கு நான் நல்ல காப்பிப் பொடி வாங்கிக்கொள்கிறேன். பணம் ஐந்து ஆண்டுக்கு இருக்கும், மேலும் மூன்று ஆண்டு நீட்டிக்கலாம். முதல் குறையாது. எங்களுக்குப் பிறகு உனக்கும் அக்காவுக்கும் சரிபாதி என்று நியமனம் எழுதுகிறேன். விலைவாசி ஏறும், ஆள் கூலி ஏறும், அப்போது முதலிலும் கை வைப்பேன். இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவால் அலுவலகத்துக்குப் போக முடியாது என்று கவலைப்படாதே. படுத்திருப்பவர் வீட்டுக்கே சார்பதிவாளர் வந்து பதிவு செய்யும் வழி இருக்கிறது, தனிக் கட்டணம் கட்ட வேண்டும். அப்பாவிடம் மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறை இடக்கையால் என் கையைப் பிடித்துத் தலையாட்டினார். கொஞ்ச நேரம் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

உன்னிடம் கேட்பது இரண்டு. ஒன்று, 40,000 மாதாமாதம் வேண்டாம். ஒரே ஒருமுறை இரண்டு லட்சம் அனுப்பு. குளியலறையில் சக்கர நாற்காலி நுழையும்படி கதவை அகலப்படுத்தி, பிடிகம்பி போட வேண்டும். நகையையும் மீட்டுவிடுவேன், அது அக்கா மகளுக்கு வைத்தது.

இரண்டாவது அக்கா. ஒவ்வொரு சனிக்கிழமையும் தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி வருகிறாள். தனியார் பள்ளி வேலை, இந்த ஓராண்டில் சம்பளமில்லா விடுப்பு மட்டும் நாற்பத்தொரு நாள். அவள் பணம் தரவில்லை என்று நீ ஒருமுறை சொன்னாய். மருமகன் பக்கத்தில் இருந்ததால் அவள் ஒன்றும் பேசவில்லை. பணமாகக் கொடுத்தால் வாங்கமாட்டாள், எனக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்து மூன்று வாரம் நீ இரு. வேலையைப் பகல் ஆள் உனக்குக் கற்றுத் தருவார். அந்த மூன்று வாரமும் அவள் இங்கே வரக்கூடாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்காவது போகட்டும். பத்திரப் பதிவையும் அப்போதே வைத்துக்கொள்கிறேன். பரம்பரைச் சொத்து இல்லை, நாங்கள் சம்பாதித்து அப்பா பெயரில் வாங்கியது என்பதால் உங்கள் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. ஆனால் வாங்குகிறவரின் வக்கீல் பிள்ளைகள் இருவரும் சாட்சி போட்டால் நல்லது என்கிறார். நீ போட்டால் அப்பாவுக்கும் நிம்மதி.

பீரோவில் நடுத்தட்டு, நீல அட்டைக் கோப்பு. பத்திர நகல், வில்லங்கச் சான்று, என் ஓய்வூதியப் புத்தகம் எல்லாம் அதில். எனக்கு ஏதாவது ஆனால் குடும்ப ஓய்வூதியம் அப்பாவுக்கு வரும், அதற்கான தாள்களும் அங்கேதான்.

இங்கே காலை ஏழு மணிக்கு அப்பா தெளிவாக இருக்கிறார். உனக்கு இரவு ஒன்பதரை. சனிக்கிழமை கூப்பிடு. கேட்டதற்கு அவர் பதில் சொல்ல நேரம் பிடிக்கும். நடுவில் நீ பேசிவிடாதே, காத்திரு.

அன்புடன்,
அம்மா