கடல்முள்ளெலியைக் கடலிலிருந்து வாரிச் செல்ல அனுமதிக்காமல், குஞ்சு பொரிப்பகம் அமைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
பாசி வளர்க்கும் மகளிர் குழுவினர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: கடல்முள்ளெலி சேகரிப்பைத் தடுத்தல் மற்றும் வளர்ப்புக்கு முன்னோடித் திட்டம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவைகளில், எங்கள் பக்கம் பெப்சிப் பாசி என்று சொல்லும் கப்பாபைகஸ் பாசியை வளர்த்து, 45 நாளைக்கு ஒருமுறை அறுத்துப் பிழைப்பவர்கள். எங்கள் தாய்மார் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறை இடுக்குகளில் மரிக்கொழுந்துப் பாசி பறித்தவர்கள். அவர்கள் காலத்திலிருந்தே, உருண்டை ஓடு முழுதும் முள் கொண்ட கடல்முள்ளெலியை நாங்கள் அறிவோம். அதன் முள் காலில் ஏறினால் உள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். வெந்நீரில் காலை வைத்து ஊறவிட்டாலும் இரண்டு நாள் கடலுக்குப் போக முடியாது. ஆனாலும் அந்த உயிரினத்தைக் காப்பாற்றித் தரும்படி கேட்டே இம்மனுவை அளிக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் வெளியூர் வியாபாரி ஒருவர் எங்கள் கரைக்கு வந்து, எவ்வளவு பிடித்துக் கொடுத்தாலும் கூடைக் கணக்கில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஜப்பானில் 'ஊனி' என்ற பெயரில் இதன் உட்பகுதியை உண்பதால் இதற்குப் பெரிய சந்தை உண்டு. ஒன்றை உடைத்து அவர் எங்களுக்குக் காட்டினார். ஓட்டின் உட்புறத்தில் நட்சத்திரம் போல ஐந்து மஞ்சள் சுளைகள் ஒட்டியிருந்தன. ஐந்தையும் வழித்தெடுத்தால் ஒரு தேக்கரண்டி கூட நிறையவில்லை. முட்டை என்று பொதுவாகச் சொன்னாலும், அது ஆண், பெண் இரண்டிலும் உள்ள இனப்பெருக்க உறுப்பே. அதாவது, நாளைய குஞ்சுகளுக்கான விதையைத்தான் வழித்தெடுத்து விற்கிறார்கள், அதற்காக ஒவ்வொரு முறையும் ஓர் உயிரை முழுதாக உடைக்கிறார்கள்.

இதில் எங்களுக்குள்ள பெரிய அச்சம் ஒன்று உண்டு. கடல்முள்ளெலி இணை சேருவதில்லை. ஆணும் பெண்ணும் தத்தம் விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விட, அவை நீரிலேயே கலந்து கருவாகின்றன. பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அந்தக் கலப்பு நடக்கும். ஆகவே, பாதியைப் பிடித்துவிட்டு மீதிப் பாதி பெருகிக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. கூட்டம் கலைந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆகிவிட்டால், எஞ்சியவை உயிரோடு இருந்தும் குஞ்சு கிடைக்காமல் போகும். பிலிப்பைன்ஸ் நாட்டின் பொலினாவோ கடற்கரையில் கட்டுப்பாடின்றிப் பிடித்ததன் விளைவாக, 1992-இல் இந்தத் தொழிலே அடியோடு நின்றுபோனது. பின்னர் அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் நிறுவனம் குஞ்சு பொரித்துக் கடலில் விட்டுத்தான் அதை மீட்க வேண்டியிருந்தது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் 2010-லும் 2016-லும் வெப்பத்தால் வெளுத்துப் பெரும் சேதம் அடைந்தவை. பாறையின் மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்று, புதிய பவளம் ஒட்ட இடம் விடுபவற்றில் கடல்முள்ளெலியும் ஒன்று. கரீபியக் கடலில் 1983-இல் தொடங்கிய நோயால் நீள்முள் கடல்முள்ளெலிகள் பத்தில் ஒன்பதுக்கு மேல் மடிந்த பிறகு, ஜமைக்காவின் பவளப்பாறைகளைப் பாசி மூடிவிட்டது. அளவுக்கு மீறிப் பெருகினாலும் கேடுதான் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம்: கலிஃபோர்னியாவின் வடபகுதியில் அவை கடற்பாசிக் காடுகளையே தின்று தீர்த்தன. நம் கடலில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்காமல் எவருக்கும் பிடிக்க அனுமதி தரக் கூடாது என்பதற்கு இவ்விரண்டும் சேர்ந்தே சான்று.

வளர்ப்பது வேறு. தாய் உயிர்களைத் தொட்டியில் முட்டையிட வைத்து, மிதக்கும் குஞ்சுப்புழுக்களுக்கு நுண்பாசி கொடுத்துச் சில வாரங்கள் காத்து, நுண்பாசி படிந்த தகடுகளில் அவற்றை ஒட்டவைத்துவிட்டால், அதன்பின் கடற்பாசியைத் தின்றே அவை வளரும். ஒவ்வொரு அறுப்பிலும் நுனி வெளுத்தும் முறிந்தும் விலைபோகாத பாசியை நாங்கள் கரையில் கொட்டுகிறோம். அலையில் ஒதுங்கும் கட்டைக்கோரைப் பாசியும் வீணாகிறது. இவை தீவனமாகக் கூடும். மேலும், அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில், ஓஹூ தீவின் கனியோஹே விரிகுடாவில், பவளத்தின் மேல் படர்ந்த இதே கப்பாபைகஸ் இனப் பாசியைத் தின்று அகற்றுவதற்காக, அங்குள்ள அரசே பொரிப்பகத்தில் வளர்த்த கடல்முள்ளெலிகளை லட்சக்கணக்கில் விட்டிருக்கிறது. நம் குருசடைத் தீவிலும் அந்தப் பாசி பவளத்தின் மேல் படர்ந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். நாங்கள் வளர்க்கும் பாசியால் வந்த கேட்டைச் சரிசெய்யும் பொறுப்பு எங்களுக்கும் உண்டு என்று உணர்கிறோம்.

ஆகவே, தீவுகளைச் சுற்றியும் பாக் நீரிணையிலும் கடல்முள்ளெலிகளின் எண்ணிக்கையும் முட்டையிடும் பருவமும் கணக்கெடுக்கப்பட்டு முடியும் வரை, வியாபாரத்துக்காக அவற்றைப் பிடிப்பதைத் தடுத்து உத்தரவிடும்படி வேண்டுகிறோம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம், 2010-இலேயே கடல்விறால் (கோபியா) மீன் குஞ்சு பொரித்த அனுபவம் உடையது. அம்மையத்தின் துணையோடு, வேறு கடலின் இனம் எதையும் கொண்டுவராமல் நம் கடலின் இனத்தை மட்டும் கொண்டு சிறிய பொரிப்பகம் ஒன்று தொடங்கவும், அதில் எங்கள் குழுப் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கவும் ஆவன செய்ய வேண்டுகிறோம். கணக்கெடுப்புக்குப் படகும், இடம் காட்ட ஆட்களும் நாங்களே தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாசி வளர்க்கும் மகளிர் குழுவினர்,
மண்டபம்.