அங்கத்தைய 33 வேறு, இங்கத்தைய 33 வேறு

அன்புள்ள மகளுக்கு,

நேற்றுப் போனில் நீ அவசரத்தில் இருந்தாய். "ரொறன்ரோவிலும் யூலையில் வெயில் 33 பாகை வரும் அப்பா, பிள்ளைக்குப் பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எனக்கு இரவு முழுக்க அந்த ஒரு வசனம்தான் மனதில் நின்றது. சொல்ல வேண்டியதைப் போனில் சொல்ல வராது. எழுதி, தம்பியிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். வருடப்பிறப்புக்கு யாழ்ப்பாணம் வர விமானம் ஏறுவதற்கு முன் நீயும் வாசி, மருமகனுக்கும் வாசித்துக் காட்டு.

வருகிற கிழமைக்கு வானொலியில் சொன்னது இதுதான். மேல், சப்ரகமுவ, மத்திய, ஊவா மாகாணங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு இடியுடன் மழை. வடக்கில் பிரதானமாகச் சீரான வானிலை. கேட்கும்போது நல்ல செய்தி மாதிரித்தான் இருக்கும். ஆனால் சீரான வானிலை என்றால் மழை பெரிதாக இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். பகலில் 33, 34 வரும். இரவிலும் 27க்குக் கீழே இறங்குவது கஷ்டம். வெளியில் வேலை செய்பவர்கள், முதியவர்கள், சின்னப் பிள்ளைகள் கவனமாக இருக்கவேண்டும் என்று வெப்ப எச்சரிக்கையும் வாசித்தார்கள்.

உன் போன் காட்டும் 33 நிழலில் எடுத்த கணக்கு, பிள்ளை. காற்றுப் போய்வரும் வெள்ளைப் பெட்டிக்குள் வெப்பமானியை வைத்துத்தான் அளப்பார்கள். முற்றத்தில் நிற்கிறவனுக்கு அந்தக் கணக்கு இல்லை. அதைவிட, இங்கே சுற்றிவரக் கடலும் கடல்நீரேரியும். காற்றில் அவ்வளவு ஈரம். வாடைக்காற்று நின்று கனநாள். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்ப வைகாசி நடுப்பகுதி ஆகும். இடையில் இந்தச் சித்திரையில் தென்னோலைகூட அசையாது. காலை ஆறரைக்கு வெங்காயக் கொட்டிலுக்குள் போய்ப் பத்துப் பிடி கட்டுவதற்குள் சேட்டு முதுகோடு ஒட்டிவிடுகிறது. வியர்வை வடிகிறதே தவிர காய்வதில்லை. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சோளகம் வந்துவிட்டால் புழுதி கண்ணில் அடிக்கும், ஆனால் மேல் காயும். தெற்கிலும் மேற்கிலும் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வருகிற காற்று அது. நீங்கள் வருவது அதற்கு முன்.

இன்னொன்று. அங்கே யூலை 33க்கு முன்னால் மேயும் யூனும் இருக்கின்றன. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும். இப்போது சின்னவன் யக்கெற் போட்டுக்கொண்டு விமானம் ஏறி, இரண்டு நாளில் இங்கே இறங்கப் போகிறான். பெரியவர்களுக்கே வெயில் பழக ஒரு கிழமை, இரண்டு கிழமை பிடிக்கும். அவனுக்கு மூன்றரை வயது.

நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் உன் அண்ணாவின் மகளைக் கசூரினாக் கடற்கரைக்கு மத்தியானத்தில் கூட்டிக்கொண்டு போனது நான்தான். தண்ணீருக்குள் நின்றபடியால் வெயில் தெரியவில்லை. திரும்பி வரும்போது வான் வண்டிக்குள் சிணுங்கிக்கொண்டே வந்தாள். பிறகு சிணுங்கல் நின்றது. நித்திரையாக்கும் என்று நினைத்து நான் நிம்மதியாக இருந்தேன். அம்மாதான் தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினாள். நெற்றி கொதித்தது, கண் பாதி திறந்தபடி. வீட்டுக்கு வராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேலைன் ஏற்றியதை நீ போனில்தான் கேட்டாய். நான் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பிழை திரும்ப நடக்க விடமாட்டேன்.

அதனால் முதல் நாலு நாளும் பத்து மணியிலிருந்து நாலு மணிவரை சின்னவன் வீட்டுக்குள். அம்மாச்சி வீடு, சித்தி வீடு எல்லாம் பின்னேரம்தான். யார் வந்து கூப்பிட்டாலும் நான் மறித்துக்கொள்கிறேன், நீ முகம் பார்க்க வேண்டாம். தாகம் என்று அவன் சொல்லும்வரை பார்த்திராமல், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடு. சிறுநீர் குறைந்தாலோ மஞ்சளாகப் போனாலோ உடனே சொல். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புக் கரைசல் மா, ஜீவனிப் பைக்கற் வாங்கி வைத்திருக்கிறேன். இளநீருக்குச் சொல்லியாயிற்று. பனையில் இறக்குகிற இனிப்புக் கருப்பணியும் வரும், ஆனால் அவனுக்கு முதலில் ஒரு மிடறுக்கு மேல் வேண்டாம்.

நீ காசு அனுப்பிக் கட்டிய மேல் அறையில் படுக்கத்தான் உனக்கு ஆசை என்று தெரியும். நேற்று இரவு ஒன்பது மணிக்கு ஏறி, கொங்கிறீற்றில் கையை வைத்துப் பார்த்தேன். அடுப்பால் இறக்கிய தோசைக்கல் கொஞ்சம் ஆறினது போல இருந்தது. பகல் முழுக்கக் குடித்த சூட்டை அது இரவில்தான் விடுகிறது. கீழே பழைய ஓட்டு வீட்டு மண்டபத்தில் கட்டிலைப் போட்டுவிட்டேன். இரண்டு பக்க யன்னலையும் திறந்தால் விடியப்புறம் ஒரு மெல்லிய காற்று வரும்.

தண்ணீருக்கு மட்டும் நீயும் மருமகனும் கொஞ்சம் பார்த்து நடவுங்கள். எங்களுக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியோடு முடிந்துவிடும். அதைச் சுண்ணாம்புக் கல்லுக்குள் சேர்த்துவைத்துத்தான் இவ்வளவு நாளும் அள்ளுகிறோம். கீழே உப்புத் தண்ணீர் நிற்கிறது. மோட்டரை ஒரேயடியாக ஓடவிட்டால் அது மேலே ஏறிவரும். துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த காலத்தில் கை களைக்கும், கிணறும் ஆறும். இப்போது நாங்கள்தான் நேரம் பார்த்து நிற்பாட்ட வேண்டியிருக்கிறது.

பயணத்துக்கு வருவோம். திங்கட்கிழமை விடியக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் வெளிக்கிட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்துப் பின்னேர மழைக்கு முன்னமே புத்தளம் தாண்டிவிடலாம். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் இடிமழைக்கு இடம் இருக்கிறது. மின்னல் கூடிய மாதம் இது. இடி கேட்டால் வானுக்குள்ளேயே இருங்கள், மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். சாப்பிட நிற்பாட்டினால் பிள்ளை நித்திரை என்று வானுக்குள் விட்டுப் போகாதே, ஐந்து நிமிடம் என்றாலும். ஆனையிறவு தாண்டும்போது கண்ணாடியை ஒருதரம் இறக்கிப் பார். அந்த உப்பு வெக்கை முகத்தில் அடிக்கும்போது நான் எழுதியது விளங்கும்.

இங்கும் ஒரு சித்திரைச் சிறுமாரி பெய்யக்கூடும். நேற்றுப் பின்னேரம் தெற்கே கறுத்துத்தான் வந்தது, நாலு துளி விழுந்து புழுதி மணந்ததோடு சரி.

வருடப்பிறப்பன்று விடியவே மூலிகை அவித்த மருத்துநீர் வைத்து முழுகிவிடலாம். கைவிசேஷத்துக்குப் புதுக் காசுத் தாள் எடுத்து வைத்திருக்கிறேன். அன்று மத்தியானம் பேரனுக்கு நான் ஒன்று காட்டவேண்டும். ஏப்ரல் 5 அளவில் தெற்கே மாத்தறைப் பக்கம் உச்சிக்கு வருகிற சூரியன், நாளுக்குக் கொஞ்சமாக வடக்கே நகர்ந்து, வருடப்பிறப்பை ஒட்டித்தான் எங்கள் தலைக்கு நேரே வரும். 12 மணி 10 நிமிடமளவில் முற்றத்தில் உலக்கையை நிமிர்த்தி வைத்தால் நிழல் அடியோடு ஒடுங்கிப் போகும். நீ சின்னனில் "நிழலை ஆர் எடுத்தது" என்று கேட்டு அழுதாய். உலக்கையை நான் பிடிக்கிறேன். நீ அவனை விறாந்தை நிழலில் மடியில் வைத்துக்கொண்டு பார்.

வான் வண்டியில் ஏறியதும் எனக்கு ஒரு போன் எடு. வத்தகப்பழம் ஒன்று வாங்கி வாளியில் வைத்துக் கிணற்றுக்குள் இறக்கிவிடுகிறேன், நீங்கள் வந்து சேரக் குளிர்ந்திருக்கும்.

அன்புடன்,
அப்பா